ஆறு மணிக்குத் திறக்கும் கதவு

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி வகுப்பு. கரும்பலகையில் ஒரு நிரூபணத்தைப் பாதி எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்து சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. தூக்கம் சொக்கினால் எழுந்து நின்றுகொள்ளலாம், ஏன் என்று கேட்க மாட்டேன் என்பது என் வகுப்பில் பல வருட வழக்கம். அவள் நின்றபடியே தூங்கிவிட்டாள். கையில் பேனா, அதன் மூடி பற்களுக்கிடையில். நோட்டில் 'ஆகவே' வரைக்கும் எழுத்து ஒழுங்காக வந்து, அதற்கப்புறம் ஒரு கோடாக இழுபட்டுத் தாளின் ஓரத்துக்குப் போயிருந்தது.

வகுப்பு முடிந்ததும் ஓ.டி. படிவத்தோடு வந்தாள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கிராஸ் கன்ட்ரி போட்டி; பயணத்தையும் சேர்த்து ஒன்பது நாள். உடற்கல்வி இயக்குநரும் துறைத்தலைவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். என்னுடையதும் முதல்வருடையதும் பாக்கி. கல்லூரிப் பழக்கம் விட்டுப்போனவர்களுக்காகச் சொல்கிறேன்: ஓ.டி. என்றால் ஆன் டியூட்டி. கல்லூரிக்காக விளையாடப் போன நாட்களைப் பதிவேட்டில் வந்த நாட்களாகவே எழுதிக்கொள்வார்கள். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும் உலகத்தில் அது சின்னச் சலுகை இல்லை.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "வேறு ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டேன். வாய்வார்த்தையாகத்தான் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "இந்த இரண்டு மணி வகுப்பைக் காலைக்கு மாற்றினால் நன்றாக இருக்கும் மேடம்" என்றாள். சொன்ன வேகத்தில் அவளுக்கே பயம் வந்திருக்க வேண்டும். "சும்மா சொன்னேன் மேடம்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் சும்மா சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அதே படிவத்தைத் தூக்கிக்கொண்டு நான்கு அறைகளுக்கு அலைந்தவள். 2001-இல் திருச்சியில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கணிதம் சேர்ந்தேன். ஓடியது 5,000 மீட்டர், பன்னிரண்டரைச் சுற்று. பள்ளியில் மாவட்ட அளவில் ஜெயித்த சான்றிதழ்கள் ஒரு பிளாஸ்டிக் உறை நிறைய இருந்தன. மதிப்பெண்ணும் மோசமில்லை. ஒதுக்கீடு இல்லாமலே அந்த இடம் கிடைத்திருக்கும் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். யாரும் கேட்பதில்லை, ஆனாலும் சொல்லிக்கொள்கிறேன்.

ஓ.டி. படிவம் வலிக்காத இடத்தில் தடவும் மருந்து. ஓர் ஓட்டக்காரி வருடத்தில் போட்டிக்காகக் கல்லூரியை விட்டு வெளியே இருக்கும் நாட்கள் பதினைந்தோ இருபதோ. அவற்றைத்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள், விவாதிக்கிறார்கள், கையெழுத்துப் போட்டுச் சரிக்கட்டுகிறார்கள். மீதி நாட்களில் அவள் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பதிவேட்டில் குறை இல்லை. அந்த நாட்களைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

நான் ஓடிய காலத்தில் என் ஒரு நாள் இப்படிப் போகும். நாலரைக்கு எழ வேண்டும். திருச்சி வெயிலில் ஏழு மணிக்கு மேல் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுவது பயிற்சி ஆகாது, தண்டனை. எட்டு மணிக்குத் திரும்பி, குளித்து, மெஸ்ஸில் மிச்சம் இருந்ததைத் தின்றுவிட்டு ஒன்பதுக்கு வகுப்பு. மூன்றரை வரை வகுப்பு. நான்கரைக்கு மறுபடி மைதானம். வாரத்தில் இரண்டு நாள் வேக ஓட்டம், மற்ற நாள் மெல்லோட்டம், உடற்பயிற்சி. ஏழு மணிக்கு விடுதி. அதன் பிறகு துணி துவைத்து, மறுநாள் ஒப்படைக்க வேண்டிய கணக்குகளைப் போட்டு, படுக்கும்போது பதினொன்று. ஐந்தரை மணி நேரத் தூக்கம். வாரம் எண்பது கிலோமீட்டர் ஓடுகிற இருபது வயது உடம்பு ஒன்பது மணி நேரம் கேட்கும். மீதி மூன்றரை மணி நேரத்தை அது விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டு மணி வகுப்பில் வந்து வசூலித்துக்கொள்ளும்.

நெடுந்தொலைவு ஓட்டத்துக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு என்று கேட்கலாம். கைப்பந்து ஆடுகிறவர்களும் படிக்கத்தானே செய்கிறார்கள்? படிக்கிறார்கள், அவர்களுக்கும் கஷ்டம்தான். ஆனால் கிலோமீட்டரைச் சுருக்க முடியாது. ஆட்டத்தின் நுணுக்கம் கூடினால் பயிற்சி நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும் விளையாட்டுகள் உண்டு. இதில் பத்து கிலோமீட்டர் எவ்வளவு கெட்டிக்காரிக்கும் பத்து கிலோமீட்டர்தான். ஓடுகிற நேரத்தைவிட, ஓடியதிலிருந்து மீள்கிற நேரம் அதிகம். மீள்வது என்றால் சோறும் தூக்கமும். விடுதியில் வாழும் ஒரு மாணவிக்கு இந்த இரண்டுமே சொந்த அதிகாரத்தில் இல்லை.

எங்கள் விடுதியில் வாசல் கதவு காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். பெண்கள் விடுதி; பாதுகாப்பு. பையன்கள் விடுதிக்கு அப்படி ஒரு கதவே கிடையாது. பயிற்சி ஐந்து மணிக்கு. பயிற்சியாளர் எழுதிய கடிதம், உடற்கல்வி இயக்குநர் எழுதிய கடிதம், என் அப்பா எழுதிய கடிதம், மூன்றும் வார்டன் மேசையில் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. "ஒருத்திக்காகக் கதவைத் திறந்தால் நாளைக்குப் பத்துப் பேர் கேட்பார்கள்" என்றார். ஐந்து மணிக்கு எழுந்து ஓடப் பத்துப் பேர் கேட்டிருந்தால் தமிழ்நாட்டுத் தடகளம் எங்கேயோ போயிருக்கும். கடைசியில், காவலாளி தாத்தா பால் வண்டிக்காகப் பக்கக் கதவைத் திறக்கும் நேரம் ஐந்தே கால் என்று கண்டுபிடித்தேன். முதல் வருடம் முழுக்கப் பால் கேன்கள் உள்ளே வர, நான் வெளியே போனேன். தாத்தா ஒரு நாளும் என்னைப் பார்த்ததில்லை. அதாவது, பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

இரண்டாம் வருடம் டைமிங் நின்றுவிட்டது. பிறகு பின்னாலேயே போக ஆரம்பித்தது. ஆறாவது சுற்றில் கால் ஈரச் சாக்கு மாதிரி ஆகும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வகுப்பில் எழுதியதைத் திரும்பப் படித்தால் யாரோ எழுதியது மாதிரி இருந்தது. பயிற்சியாளர், "உனக்கு இப்போதெல்லாம் கவனம் படிப்பிலேயே இருக்கிறது" என்றார். அதே வாரம் பகுப்பாய்வு எடுத்த பேராசிரியர் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு, "உனக்குக் கவனமெல்லாம் மைதானத்தில்தான்" என்றார். இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேருக்கும் இடையே முந்நூறு மீட்டர் தூரம்கூட இருக்காது. மூன்று வருடத்தில் அவர்கள் ஒருமுறைகூட என்னைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. பேசியிருந்தால் கவனம் இரண்டு இடத்திலும் இல்லை, ஆகவே கோளாறு வேறு எங்கோ என்று கண்டுபிடிக்க அரை நிமிடம் ஆகியிருக்காது. அவரோ கணிதப் பேராசிரியர்!

கண்டுபிடித்தவர் ஒரு டாக்டரம்மா, காய்ச்சலுக்காகப் போனபோது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை. "எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறாய்? என்ன சாப்பிடுகிறாய்?" இந்த இரண்டு கேள்வியையும் சேர்த்து என்னிடம் அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. மெஸ்ஸில் ஏழு மணிக்கு மேல் போனால் சோறு இருக்கும், ரசம் இருக்கும். குழம்பில் காய் இருக்காது. அதைத் தின்றுகொண்டு எண்பது கிலோமீட்டர்.

நெடுந்தொலைவு ஓடுகிறவர்களுக்கு இரும்புச்சத்து பல வழிகளில் கரையும். வியர்வையில் கொஞ்சம் போகும். ஒவ்வொரு அடிக்கும் பாதத்தில் சிவப்பணுக்கள் கொஞ்சம் நசுங்கும். கடுமையான பயிற்சிக்குப் பிறகு சில மணி நேரம் குடல் இரும்பை வாங்கிக்கொள்ளவே தயங்கும். ஹெப்சிடின் என்ற ஹார்மோன் அப்போது உயர்ந்து வழியை அடைக்கிறது. பெண்ணாக இருந்தால் மாதவிடாயும் சேர்ந்துகொள்கிறது. ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு இல்லாமல் உடம்பு படிப்படியாக ஒவ்வொரு வேலையாக நிறுத்திக்கொள்ளும் நிலைக்கு 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஒரு பெயரே வைத்தது. மாதவிடாய் நிற்பது, எலும்பு தேய்வது, மனம் சோர்வது எல்லாம் அதில் அடக்கம். எங்கள் காலத்தில் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம்.

டாக்டரம்மா இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆறு வாரம் ஒழுங்காகப் போட்டேன், தினமும் காலை மெஸ் டீயோடு. தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது என்பது அடுத்த பரிசோதனையில் எண் அசையாமல் நின்றபோதுதான் தெரிந்தது. அதற்கப்புறம் எலுமிச்சைச் சாறு. எலுமிச்சம்பழம் எங்கிருந்து வரும்? காவலாளி தாத்தா வீட்டு மரத்திலிருந்து.

இதற்கு நடுவில் அப்பா. அப்பா பேருந்து நடத்துநர். என் ஓட்டத்தை அவர் பார்த்த விதம் வேறு. அவருக்கு 5,000 மீட்டரின் முடிவுக்கோடு பொன்மலையில் இருந்தது. ரயில்வே பணிமனையில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை. குடியிருப்பு, பாஸ், ஓய்வூதியம். அந்த ஒதுக்கீட்டுக்கு வயது 18 முதல் 25 வரை. அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் விண்ணப்பிக்கலாம். "டிகிரி ஓடிப் போகாது, வயது ஓடிப் போகும்" என்பார். அம்மாவுக்கு டிகிரிதான் ஓடிப் போய்விடும் பொருள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு வேறு வேறு கடிகாரம் பார்த்தார்கள்.

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் நெடுந்தொலைவு ஓட்டம் வளர்ந்தது கல்லூரியில் இல்லை, வேலைக்குள்தான். தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் தேசிய சாதனை வைத்திருக்கும் அவினாஷ் சாப்ளே பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ராணுவத்தில் சேர்ந்தவர். சியாச்சினில் காவல் நின்றவர். அதற்குப் பிறகுதான், 2015 வாக்கில், ராணுவத்துக்குள்ளேயே ஓட்டத்துக்கு வந்தார். 10,000 மீட்டரில் 27 நிமிடம் 00.22 விநாடி ஓடிய குல்வீர் சிங்கும் ராணுவம்தான். பாருல் சௌத்ரி 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 5,000 மீட்டர் தங்கத்தைக் கடைசிச் சில மீட்டரில் ஜப்பான் வீராங்கனையைத் தாண்டி எடுத்தார். கடைசி ஐம்பது மீட்டரில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டதற்கு, ஆசியத் தங்கம் வென்றால் உத்தரப் பிரதேசக் காவல்துறையில் டி.எஸ்.பி. பதவி தருவார்கள் என்று நினைத்ததாகச் சொன்னார். சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை. பதவியும் பிறகு கிடைத்தது.

அமெரிக்காவில் இது தலைகீழ். அங்கே கல்லூரிதான் ஏணி. ஓட்டத்துக்காகவே உதவித்தொகை கொடுத்து எடுக்கிறார்கள். பயிற்சி வாரத்துக்கு இருபது மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று விதியும் வைத்திருக்கிறார்கள். பயணமும் சிகிச்சையும் தானாகப் போய் ஓடுவதும் அந்தக் கணக்கில் வராது. ஆக அங்கேயும் காகிதத்தில் வராத நேரம்தான் பிள்ளைகளை அரிக்கிறது. ஆனால் காகிதம் என்று ஒன்றாவது இருக்கிறது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். எங்கள் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையிலிருந்து வந்த எல். சூர்யா 2016 குவாஹாட்டி தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் எடுத்தார். அதே மாவட்டத்து ஜி. லட்சுமணன் 2017-இல் புவனேஸ்வர் ஆசியத் தடகளத்தில் அதே இரண்டு ஓட்டங்களிலும் தங்கம் எடுத்தார். அப்போது அவருக்கு 27 வயது. பாருலுக்கு ஹாங்சோவில் 28. இந்த ஓட்டம் பழுப்பதே அந்த வயதில்தான். இளநிலைப் பட்டம் 20, 21 வயதில் முடிந்துவிடுகிறது. அதாவது, கல்லூரி அவர்களைக் கையில் வைத்திருக்கும் மூன்று வருடம் அடித்தளம் போடும் வருடங்கள். அவசரமே கூடாத காலம். அந்தக் காலத்தில்தான் கல்லூரிக்குக் கோப்பை வேண்டும், வீட்டுக்கு வேலை வேண்டும், பல்கலைக்கழகத்துக்கு நவம்பரில் ஆறு தாள் வேண்டும்.

பாராட்டு விழாக்களில் யாராவது ஒருவர் ரோஜர் பானிஸ்டரை இழுக்காமல் விடுவதில்லை. மருத்துவம் படித்துக்கொண்டே ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடினார், உங்களுக்கு என்ன கேடு என்பது சாரம். உண்மைதான்; 1954 மே 6 அன்று காலை லண்டனில் மருத்துவமனை வேலையைப் பார்த்துவிட்டு ரயிலேறி ஆக்ஸ்போர்டு போய், மாலையில் 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். சொல்லாமல் விடுவது இரண்டு. ஒன்று, அவர் மதிய இடைவேளையில் ஒரு மணி நேரத்துக்குள் பயிற்சியை முடித்துவிடுவார். அன்றைய மைல் ஓட்டத்துக்கு அது போதும், இன்றைய 10,000 மீட்டருக்குப் போதாது. இரண்டு, அந்த வருடக் கடைசியிலேயே, 25 வயதில், ஓட்டத்தை விட்டுவிட்டு முழுநேர மருத்துவராகிவிட்டார். அவர் இரண்டையும் சுமந்து நடந்தவர் இல்லை. ஒன்றை இறக்கி வைத்தவர். எந்த மேடையிலும் அந்தக் கடைசி வரி வருவதில்லை.

இரண்டாம் வருடம் நவம்பரில் தேர்வும் போட்டியும் மோதின. மெய்யெண் பகுப்பாய்வுத் தாள் நடக்கும் நாளில் நான் இரண்டு இரவு ரயில் பயணத் தொலைவில் இருந்தேன். ஓ.டி. வகுப்புக்குத்தான் செல்லும், தேர்வுக்குச் செல்லாது. போவதா வேண்டாமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை; அணிப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. ரயிலில் மேல் படுக்கையில் பாடப்புத்தகத்தை வைத்துப் படித்தேன், எழுதப் போகாத தேர்வுக்கு. ஏன் என்று இன்றும் புரியவில்லை.

பந்தயத்தில் எட்டாவது சுற்றில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. எனக்கு ஓடும்போது தேற்றங்களை மனத்துக்குள் சொல்லிப் பார்க்கும் பழக்கம். மெல்லோட்டத்தில் அது அருமையாக வேலை செய்யும். இளநிலைக் கணிதத்தில் பாதியைக் காவிரிக் கரையில்தான் படித்தேன் என்று சொல்லலாம். பந்தயத்தில் அதைச் செய்யக் கூடாது. சுற்று எட்டா ஒன்பதா என்ற சந்தேகத்தில் ஒரு சுற்று முன்னதாகவே வேகத்தைக் கூட்டினேன். கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தபோது காலில் ஒன்றும் மிச்சமில்லை. ஒன்பதாவது இடம். பொன்மலை அங்கேயே முடிந்தது.

தாளை அடுத்த ஏப்ரலில் எழுதித் தேறினேன். முதல் முயற்சியில் தேறாதவர்களுக்குப் பல்கலைக்கழக ரேங்க் கிடையாது என்பதால் அந்தப் பட்டியலிலும் இல்லை. மதிப்பெண் பட்டியலில் அந்தத் தாளுக்கு எதிரே 'வரவில்லை' என்று அச்சாகியிருந்தது. அதைப் பார்த்து அப்பா, "எங்கே வரவில்லை? நீதான் அவ்வளவு தூரம் போனாயே" என்றார். வேடிக்கையாகச் சொன்னாரா வருத்தமாகவா, தெரியாது. எனக்கு அன்றைக்குச் சிரிப்புதான் வந்தது.

மூன்றாம் வருடம் ஹீமோகுளோபின் ஏறியது, டைமிங்கும் திரும்பியது. ஆனால் அதற்குள் என் ஓட்ட வாழ்க்கை ஏறக்குறைய முடிந்திருந்தது. கணிதம் மிச்சம் இருந்தது. நான் தோற்றுப்போய் ஆசிரியை ஆனேன் என்று இதை வாசிக்க வேண்டாம். இந்த வேலை எனக்குப் பிடிக்கும். பிடிக்காதது ஒன்றுதான்: எதை இறக்கி வைப்பது என்று நான் முடிவு செய்யவே இல்லை. கதவு நேரமும் மெஸ் நேரமும் தேர்வு அட்டவணையும் சேர்ந்து முடிவு செய்தன.

அந்த மாணவி போட்டிக்குப் போன ஒன்பது நாளில் நான் இரண்டு வேலை பார்த்தேன். ஒன்று, பருவத்தின் நடுவில் பாட அட்டவணையில் கை வைப்பது. துறைத்தலைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சக ஆசிரியர் ஒருவர், செவ்வாயும் வியாழனும் தன் காலை வகுப்பை என் இரண்டு மணியோடு மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். அவருடையது செய்முறை வகுப்பு. நின்றுகொண்டே செய்கிற வேலையில் யாருக்கும் தூக்கம் வராது என்றார். இரண்டு, உடற்கல்வி இயக்குநர் அறைக்குப் போய் உட்கார்ந்தது. பதினோரு வருடமாக இதே கல்லூரியில் இருக்கிறேன், அந்த அறைக்குள் போனது அதுவே முதல் முறை. அவர் அவளுடைய வாராந்திரப் பயிற்சித் தாளைக் காட்டினார். நான் இன்டர்னல் தேர்வுத் தேதிகளைக் காட்டினேன். மூன்று இடத்தில் வேக ஓட்ட நாளும் தேர்வு நாளும் ஒன்றாக இருந்தன. பென்சிலால் மாற்றினார். மொத்தம் இருபது நிமிடம், ஒரு டீ. ரத்தப் பரிசோதனை எப்போது எடுத்தார்கள் என்று கேட்டேன். எடுத்ததே இல்லை. திரும்பி வந்ததும் எடுத்தார்கள், 11.1. மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போடு, டீ அப்புறம் என்று அவளிடம் சொன்னபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

போட்டியில் பதினான்காவதாக வந்தாள். முதல் வருடத்துக்கு அது நல்ல இடம். அவள் வீட்டில் காவல்துறை வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்களாம். அதில் நான் தலையிட முடியாது, தலையிடவும் கூடாது.

விடுதிக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு நீண்ட சண்டைக்குப் பிறகு, பயிற்சிக்குப் போகிறவர்களுக்குக் காலை நாலே முக்காலுக்குக் கதவு திறக்க வேண்டும் என்று முடிவானது. நிபந்தனை: பதிவேட்டில் நேரமும் காரணமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நேற்று மாதாந்திரச் சரிபார்ப்புக்காக அந்தப் பதிவேட்டைப் புரட்டினேன். பக்கம் முழுக்க ஒரே பெயர், ஒரே கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஓட்டம், ஓட்டம், ஓட்டம். இன்டர்னல் தேர்வு முடிந்த மறுநாள், சென்ற வியாழக்கிழமைக்கு எதிரே மட்டும் கையெழுத்து இல்லை. அந்தக் கட்டத்தில் காவலாளி தன் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்: 'பிள்ளை தூங்குகிறது. எழுப்பவில்லை.'